எண்ணூற்றுப் பன்னிரண்டு கிலோவும் ஏழு சீர்த்தட்டுகளும்

பாடாலூர்,
செவ்வாய்க்கிழமை காலை.

மதிப்புக்கும் பிரியத்துக்கும் உரிய மாப்பிள்ளை தமிழழகன் அவர்களுக்கு, உங்கள் மச்சான் முத்துசாமி கைகூப்பி எழுதிக்கொள்வது.

ஆண்டிமடத்தில் நீங்களும், என் தங்கை சிந்தாமணியும், குழந்தை வேணியும், உங்கள் அக்கா பெரியம்மாள் அவர்களும், இந்த வருஷத்து முந்திரிக்கொட்டையும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்கக் கலியுக வரதராசப் பெருமாளை வேண்டிக்கொள்கிறேன். இங்கு நான் சுகம். வீட்டுக்காரி வளர்மதியும் சுகம்தான், என்னோடு பேசுவதில்லை என்பதைத் தவிர அவளைப் பற்றிச் சொல்ல ஒரு குறையும் இல்லை. அவள் தம்பி அறிவுச்செல்வனும் இருக்கிறான். அவனைப் பற்றிக் கீழே விரிவாக எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்திலிருந்து உங்களுக்கு நாற்பத்தொரு தடவை போன் செய்துவிட்டேன். நீங்கள் என் நம்பரை பிளாக் செய்துவிட்டீர்கள் என்று அறிவு என் போனை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னான். அதனால்தான் தபால் ஆபீசுக்குப் போய் கவர் வாங்கி எழுதுகிறேன். கவரை பிளாக் செய்ய முடியாது. கிழித்துப் போடலாம், ஆனால் கிழிக்கும்போது நாலு வரியாவது கண்ணில் படும். கோயிலில் நீங்கள் "மச்சான், இனிமே ஒண்ணும் பேசாதீங்க" என்று சொன்னீர்கள். பேசவில்லை, எழுதுகிறேன். அன்றைக்கு நீங்கள் பார்த்தது கோயில் வாசலுக்கு வந்து சேர்ந்த கடைசி இருபது நிமிஷத்தை மட்டும்தான். அதற்கு முன்னால் நடந்த ஐந்து மணி நேரத்தைக் கேட்டுவிட்டு எனக்கு என்ன தண்டனை வேண்டுமானாலும் கொடுங்கள்.

மூன்று வருஷத்துக்கு முன் உங்கள் கிரகப்பிரவேசத்துக்கு நான் வந்தபோது முதல் பந்தி முடிந்து இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு நான் வேலை பார்க்கிற லாரி எடைமேடையில் மக்காச்சோள லோடு பதினாறு லாரி வரிசையில் நின்றது, மாற்று ஆள் வரவில்லை. மூன்று தட்டுச் சீரை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி நான் ஒருவனே தூக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தேன். பெரியம்மாள் அவர்கள் வாசலில் நின்று, "ஏன் சிந்தாமணி, தட்டு தூக்க நாலு ஆளுகூட இல்லியா உங்க அண்ணன் வூட்டுல?" என்று கேட்டார்கள். சாதாரணமாகத்தான் கேட்டார்கள், நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. சிந்தாமணி சமையல்கட்டுக்குள் போனாள், திரும்பி வரும்போது கண் சிவந்திருந்தது. புகை என்றாள். உங்கள் வீட்டில் கேஸ் அடுப்பு, மாப்பிள்ளை. எங்களுக்கு அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை, பங்காளிகள் திருப்பூர், சென்னை என்று போனவர்கள் கல்யாணப் பத்திரிகைக்குக்கூடப் பதில் சொல்வதில்லை. எனக்கு ஆள் பலம் என்று எண்ணினால் நான், வளர்மதி, அவள் தம்பி, மொத்தம் மூன்று பேர். அதை நினைத்து அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

பிறகு பதினோரு வருஷக் காத்திருப்புக்கு அப்புறம் வேணி பிறந்தாள். கல்லங்குறிச்சிப் பெருமாள் கோயிலில் காது குத்துவதாக நீங்கள் வேண்டிக்கொண்டதற்கு நாள் குறித்தீர்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும், காதுக்குப் போடும் தங்கத்தோடும் தாய்மாமன் சீரில்தான் வர வேண்டும். நல்ல நேரம் பத்தே முக்காலிலிருந்து பதினொன்றே முக்கால், பன்னிரண்டு அடித்தால் எமகண்டம். அன்றைக்கு நான் மனதுக்குள் சத்தியம் செய்தேன்: இந்தத் தடவை எல்லோருக்கும் முன்னால் போய் நிற்பேன், ஏழு தட்டோடு நிற்பேன். தட்டு தூக்க ஆளுக்குத்தான் வழி தெரியவில்லை. அறிவு இரண்டு தட்டு, நான் இரண்டு தட்டு, மீதி மூன்றை இரண்டாவது நடையில் கொண்டுவருவது என்று முடிவு செய்தேன்.

வளர்மதி முதல் நாளே உங்கள் வீட்டுக்கு உதவிக்கு வந்துவிட்டதால், சீரும் நானும் அறிவின் காரில் வருவதாக ஏற்பாடு. இவன் பெரம்பலூரில் ஒரு பட்டறை வைத்திருக்கிறான் என்பது உங்களுக்குத் தெரியும். அங்கே கெட்டுப்போன வண்டியைச் சரி செய்வதில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற வண்டியைப் பிரித்து, உயரத்தைக் குறைத்து, சத்தத்தைக் கூட்டித் திருப்பிக் கொடுக்கிறான். அதற்கு ஊர் ஊராக ஆள் வருகிறார்கள். இவனுடைய சொந்தக் கார் பதினெட்டு வருஷத்துப் பழைய சின்ன வண்டி, தரைக்கும் அதற்கும் நடுவே நான்கு விரல் இடைவெளிதான். ஞாயிறு காலை ஆறே காலுக்குக் கிளம்பினோம். பின் சீட்டில் ஏழு தட்டு. தங்கைக்கென்று தனியாக வாங்கிய ஒரு ஜோடி குத்துவிளக்கைக் கழற்றி, சாக்கில் சுற்றி, உருளாமல் பத்திரமாக வைத்தேன். பெரம்பலூர் வரை பெரிய ரோடு, பிரச்சினை இல்லை. அரியலூர் ரோட்டில் திரும்பியதும் வேகத்தடைகள் ஆரம்பித்தன. ஒவ்வொரு வேகத்தடைக்கும் வண்டி அடி தட்டும் என்று நான் இறங்க வேண்டும், வண்டி சாய்ந்தவாக்கில் ஏறி இறங்கும், நான் நடந்து போய் மறுபடி ஏற வேண்டும். நான் எண்பத்து நான்கு கிலோ. ஐந்தாவது வேகத்தடையில் ஒரு பால்காரர் சைக்கிளை நிறுத்தி, ஏதாவது வேண்டுதலா என்று கேட்டார்.

அப்போதுதான் அறிவு, "மாமா, வழியில ஒரு பத்து நிமிஷம் நின்னுட்டுப் போயிடலாம்" என்றான். அரியலூர் ரோட்டை விட்டு உள்ளே ஸ்ரீ தங்கமயில் நகர் என்று ஒரு மனைப்பிரிவு இருக்கிறது. பெயர்தான் நகர். தார் ரோடு போட்டு, மஞ்சள் கல் நட்டு, வளைவு கட்டியிருக்கிறார்கள், ஒரு வீடு கிடையாது. வளைவிலிருந்து கடைசி வரை நானூறு மீட்டர் நேர் ரோடு. அதில் கார் பந்தயம். அனுமதி வாங்கிய கடிதத்தைப் பெரிதாக்கி பேனரில் அடித்திருந்தார்கள், ஆம்புலன்ஸ் நின்றது, இரண்டு பக்கமும் பழைய டயரை அடுக்கியிருந்தார்கள். பத்து முப்பது கார்கள் பானெட்டைத் திறந்துகொண்டு நின்றதைப் பார்த்து, பாவம், இத்தனை வண்டியும் ஒரே நேரத்தில் நின்றுவிட்டதே என்று நான் முதலில் நினைத்தேன். இறங்கிப் பார்த்தால் ஒவ்வொரு பானெட்டுக்கும் நாலு பேர் குனிந்து, பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி மரியாதையாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திருவிழாவுக்கு மைக் செட் போடுகிற நம்ம வீரமணிதான் அங்கேயும் மைக்கில். அம்மன் கோயிலில் கூழ் வாங்க வரச்சொல்லிக் கூப்பிடுகிற அதே குரலில் கார் நம்பரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

மணி ஏழரைதான் ஆகியிருந்தது. பத்து நிமிஷம் என்பதை நம்பினேன். பந்தயத்தில் ஏழு பிரிவு, அறிவு பெயர் கொடுத்திருந்தது எண்ணூறு கிலோவுக்கு உட்பட்ட வண்டிகள் பிரிவில். பாரம் குறைய வேண்டும் என்று ஸ்டெப்னி, ஜாக்கி, பின் சீட்டு என்று ஒவ்வொன்றாகக் கழற்றி வெளியே வைத்தான். சீர்த்தட்டுகளையும் இறக்கச் சொன்னான். சித்திரை வெயிலில் பூ வாடிவிடுமே, லட்டு உருகிவிடுமே என்று நிழல் தேடினேன். ஷாமியானா போட்ட இடம் ஒன்றுதான் இருந்தது, அதில் வெள்ளைத் துணி விரித்த நீள பெஞ்சு ஒன்று சும்மா கிடந்தது. ஏழு தட்டையும் வரிசையாக வைத்து, மேலே பாலிதீன் உறையை இழுத்து மூடி, பெருமாளே பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு வந்தேன். இதில் என் தவறு என்ன என்று நீங்களே சொல்லுங்கள். வேறு யாராக இருந்தாலும் நிழலில்தானே வைப்பார்கள்?

இனி எடை விஷயம். இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதி கொடுங்கள். பிரிவு பிரிக்க ஒவ்வொரு வண்டியையும் எடை போட வேண்டும். நாலு சக்கரத்துக்கு அடியிலும் வைக்கிற நாலு சின்னத் தராசு வைத்திருந்தார்கள், அதில் ஒன்று செத்துவிட்டது. கார்க்காரர்கள் எல்லாம் என் வண்டி இவ்வளவு, உன் வண்டி அவ்வளவு என்று கத்திக்கொண்டிருந்தார்கள். இருபத்தாறு வருஷம் எடைமேடையில் உட்கார்ந்தவன் நான். லாரி மேடையில் ஏறுவதற்கு முன்னாலேயே சக்கரத்துக்கு மேலே இருக்கிற இரும்புப் பட்டையின் வளைவைப் பார்த்து ஜல்லி எத்தனை டன் என்று சொல்வேன். சும்மா நிற்க முடியவில்லை. ஒரு சிவப்பு வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து, பின்பக்கத்தை இரண்டு தடவை அமுக்கிப் பார்த்து, எழுநூற்று எண்பத்தைந்து என்றேன். சிரித்தார்கள். ரோட்டோரத்தில் இருக்கிற லாரி எடைமேடைக்குக் கொண்டுபோய் சீட்டு வாங்கி வந்தார்கள். எழுநூற்று தொண்ணூறு. அந்த ஐந்து கிலோ, போகும்போது உள்ளே ஒருவன் மறந்து வைத்த தண்ணீர் கேன் என்று பிறகு தெரிந்தது. மாப்பிள்ளை, அதற்குப் பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. நாற்காலி வந்தது. மோர் வந்தது. ஆரஞ்சு நிறத்தில் ஒரு சட்டையை மாட்டி, கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிட்டு, எடை நடுவர் என்று எழுதிக்கொடுத்தார்கள். ஒவ்வொரு வண்டியாக என் முன்னால் வந்து பணிவாக நின்றது. என் சர்வீசில் எத்தனையோ ஆயிரம் லாரி என்னைக் கடந்து போயிருக்கிறது, ஒரு டிரைவர்கூட இறங்கி, "அண்ணே, எப்படிண்ணே கண்டுபிடிக்கிறீங்க?" என்று கேட்டதில்லை. அங்கே இருபத்து மூன்று பேர் கேட்டார்கள்.

பதினேழாவதாக அறிவின் வண்டி வந்தது. சுற்றி வந்தேன். எண்ணூற்றுப் பன்னிரண்டு. அவன் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். "மாமா, எல்லாத்தையும் கழட்டிட்டேன் மாமா, சரியா எண்ணூறுதான் வரணும்" என்றான். இன்னொரு தடவை சுற்றி வந்தேன். எண்ணூற்றுப் பன்னிரண்டுதான். மச்சினன் என்பதற்காகப் பன்னிரண்டு கிலோவை விழுங்கினால் அந்த ஆரஞ்சுச் சட்டைக்கு என்ன மரியாதை? ஆறு மாதம் உழைத்த பிரிவிலிருந்து அவனை எடுத்து ஆயிரம் கிலோ பிரிவில் போட்டேன். அதில் அவனுக்கு எதிரே வந்தது ஜெயங்கொண்டத்துப் புவனேஸ்வரி என்கிற அம்மா. நாற்பது வயது இருக்கும், புடவை மேல் ஓவர்கோட், தலையில் ஹெல்மெட். கொடி அசைந்தது. அந்த அம்மாவின் வண்டி போய்விட்டது. அறிவின் வண்டி நின்ற இடத்திலேயே கத்தி, கருகின வாடையோடு புகை விட்டு, கிளட்ச் போய்விட்டது. என் மேல் அவனுக்குக் கோபம் இருக்கலாம். ஆனால் மணி என்ன ஆயிற்று என்று அவன் என்னிடம் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

எல்லாம் முடிந்து பரிசளிப்பு தொடங்கியது. நான் அந்தக் கடைசியில் ஒரு நீல வண்டிக்காரனுக்கு எடை எப்படி முன்பக்கம் சாய்கிறது என்று விளக்கிக்கொண்டிருந்தேன். மைக்கில் வீரமணி, "பாடாலூர் எடைமேடை முத்துசாமி அண்ணன் அவர்களுக்கு விழாக் குழுவின் சார்பாக நன்றி" என்று மூன்று தடவை சொன்னார். கூட்டம் கை தட்டியது. நானும் மூன்று தடவை திரும்பிக் கும்பிட்டேன். எடை போட்டதற்கு நன்றி என்றுதான் நினைத்தேன். நாலாவது தடவைதான் முழுசாகக் காதில் விழுந்தது: "வெற்றி பெற்ற ஏழு பேருக்கும் சீர்த்தட்டு அன்பளிப்பாக வழங்கிய முத்துசாமி அண்ணன்." ஓடினேன். அந்தப் பெஞ்சு பரிசு வைக்கிற பெஞ்சு, மாப்பிள்ளை. கோப்பைகள் வந்து சேரத் தாமதமானதால் காலியாகக் கிடந்திருக்கிறது. ஏழு பிரிவு, ஏழு தட்டு. எண்ணிப் பார்த்திருக்கிறார்கள், சரியாக இருந்திருக்கிறது. எடை நடுவர் பெரிய மனசுக்காரர் என்று பேசிக்கொண்டு ஆளுக்கொரு கோப்பையும் ஒரு தட்டும் கொடுத்துவிட்டார்கள்.

பெஞ்சில் வெள்ளைத் துணி மட்டும் இருந்தது. மணி பத்து ஐம்பத்திரண்டு. அறிவின் வண்டி நகராது. மூன்று வருஷத்துக்கு முன் மூன்று தட்டோடு தாமதமாக வந்தவன் இந்தத் தடவை தட்டே இல்லாமல் வரப்போகிறேன் என்று நினைத்தபோது, சொன்னால் சிரிப்பீர்கள், அந்த ஆரஞ்சுச் சட்டையோடு ஒரு மஞ்சள் கல்லின் மேல் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

அந்த நேரத்தில் மேடைப் பக்கம் சண்டை. புவனேஸ்வரி அம்மாவின் பங்குக்கு வந்தது பட்டுப்பாவாடையும் மஞ்சள் குங்குமமும் தோட்டுப் பெட்டியும் இருந்த தட்டு. பொம்பளை ஜெயித்தால் மஞ்சள் குங்குமமா, ஒரு வயசுக் குழந்தை பாவாடையை வைத்து என்னைக் கேலி செய்கிறீர்களா என்று குழுவினரை நிற்க வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் போய்க் கையைக் கூப்பிக்கொண்டு, "அம்மா, அது என் தங்கச்சி பொண்ணு காதுகுத்துச் சீர்" என்றேன். அவர் பாவாடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எங்க, எத்தனை மணிக்கு?"

"கல்லங்குறிச்சி. பதினொண்ணே முக்காலுக்குள்ள."

"ஏறுங்க" என்றார். பிறகு மற்ற ஆறு பேரையும் பார்த்து, தட்டு வாங்கினவன் எல்லாம் பின்னால் வா, லட்டைத் தொட்டவன் கையை உடைப்பேன் என்றார். ஆறு பேரும் அவரவர் வண்டிக்கு ஓடினார்கள்.

மாவட்டத்திலேயே வேகமான வண்டியில் ஏறிவிட்டோம், பதினைந்து நிமிஷத்தில் கோயில் என்று எனக்கு உயிர் வந்தது. வளைவைத் தாண்டி அரியலூர் ரோட்டில் ஏறும் முன் அந்த அம்மா வண்டியை நிறுத்தினார். கண்ணாடியைச் சரி செய்தார். "பெல்ட்டைப் போடுங்க" என்றார். இண்டிகேட்டர் போட்டார். இடது பார்த்தார், வலது பார்த்தார், மறுபடி இடது பார்த்தார். அப்புறம் ஐம்பத்தைந்தில் போனார். ஐம்பத்தாறு கிடையாது. பின்னால் ஆறு வண்டியும் அதே ஐம்பத்தைந்தில், ஆறும் இண்டிகேட்டர் போட்டுக்கொண்டு வந்தன. சிமெண்ட் லாரிகள் எங்களை முந்திப் போயின. சின்ன வெங்காயம் ஏற்றின டிராக்டர் ஒன்று எங்களை முந்தப் பார்த்தது. பள்ளிக்கூடம் இருக்கிற இடத்தில் ஞாயிற்றுக்கிழமை என்றுகூடப் பார்க்காமல் முப்பதுக்கு இறக்கினார். ஒரு ஆட்டு மந்தை ரோட்டைக் கடந்தபோது கடைசி ஆடு யோசித்து முடிக்கும் வரை நின்றார். என்னால் பொறுக்க முடியவில்லை. அங்கே அப்படிப் பறந்தீர்களே அம்மா, கொஞ்சம் மிதிக்கக் கூடாதா என்று கேட்டுவிட்டேன்.

"அது பந்தயம் சார், இது ரோடு. ஜெயங்கொண்டத்துல டிரைவிங் ஸ்கூல் வெச்சிருக்கேன். என்கிட்ட படிச்ச புள்ளைங்க எதிர்ல வந்துட்டா நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கிறது?"

மடியில் தோட்டுப் பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கடிகாரத்தைப் பார்க்காமல், ரோட்டோரக் கிலோமீட்டர் கல்லை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தேன்.

இதற்குப் பிறகு நடந்ததை நீங்களும் பார்த்தீர்கள். நான் பார்த்தது எப்படி என்று சொல்கிறேன். பதினொன்று நாற்பத்தொன்றுக்கு வண்டி நின்றது. ஆசாரி ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். சமையல்காரர் ஏதோ தூரத்து முறையில் சிந்தாமணிக்கு அண்ணன் ஆகிறார் என்று கண்டுபிடித்து, அவரைக் கை கழுவச் சொல்லிப் பலகையில் உட்கார வைத்திருந்தீர்கள். அவர் தோளில் இன்னும் கரண்டி துடைக்கிற துண்டு இருந்தது. உங்கள் மேல் தப்பே இல்லை, நேரம் அப்படி. வளர்மதி நான் இறங்கின கதவைப் பார்த்தாள், ஹெல்மெட்டோடு இறங்கின அம்மாவைப் பார்த்தாள், என் ஆரஞ்சுச் சட்டையைப் பார்த்தாள். அன்றைக்கு மூடின வாய்தான். நான் முன்னால் நடந்தேன். யாரும் யாருக்கும் சொல்லவில்லை, மாப்பிள்ளை. நான் சத்தியமாகச் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்தப் பையன்கள் ஆறு பேரும், காலில் ஷூவைக் கழற்றிவிட்டு, தட்டை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராக வரிசையாக வந்தார்கள். முதல் தட்டைப் புவனேஸ்வரி அம்மாவே எடுத்துக்கொண்டார். கோப்பையை வைக்க வேறு இடம் இல்லாததால் பூத்தட்டில் ஒன்று, பழத்தட்டில் ஒன்று என்று கோப்பைகளும் வந்துவிட்டன. அதற்கு மன்னியுங்கள். அவர்கள் பின்னால் கூட்டாளிகள் வேறு, மொத்தம் இருபத்திரண்டு பேர், அறிவைச் சேர்க்காமல்.

பெரியம்மாள் அவர்கள் வாயில் வெற்றிலையோடு அப்படியே நின்றார்கள். சிந்தாமணி என் தோளுக்கு மேலே எட்டி அந்த வரிசை முடிகிற இடத்தைத் தேடினாள். பிறகு என் பக்கம் குனிந்து, மெதுவாக, "யாருண்ணே இவங்கெல்லாம்?" என்று கேட்டாள்.

"நம்ம ஆளுங்கதான்" என்றேன். பொய் சொல்கிறோம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. காலையில்தானே ஒவ்வொருவருடைய வண்டியையும் தொட்டு எடை சொன்னேன்? அவள் கண் மறுபடி சிவந்தது. இந்தத் தடவை புகை என்று சொல்லவில்லை.

வேணியை என் மடியில் வைத்தபோது எட்டே கால் கிலோ என்று கை தானாகச் சொன்னது. ஊசி இறங்கினதும் அழுதாள். அழுகையை அடக்க அந்த நீல வண்டிக்காரன் ஓடிப்போய் இஞ்சினை முறுக்கினதும், குழந்தை அழுகையை நிறுத்திவிட்டுச் சிரித்ததும், அணைத்ததும் மறுபடி அழுததும், அதனால் பத்து நிமிஷம் அவன் முறுக்கிக்கொண்டே இருந்ததும், பக்கத்தில் மொட்டை போட வந்த குடும்பம் உங்களிடம் வந்து சண்டை போட்டதும் எல்லாம் நடந்தவைதான், நான் மறுக்கவில்லை. இருபத்திரண்டு பேரையும் அண்ணன் வீட்டு ஆட்கள் என்று முதல் பந்தியில் உட்கார வைத்தது நான் இல்லை, சிந்தாமணி. அவளே நின்று பரிமாறினாள். பந்தயம் ஓடினவர்கள், பசி இருக்கத்தான் செய்யும். உங்கள் ஒன்றுவிட்ட சித்தப்பா வரும்போது பாயசமும் வடையும் தீர்ந்திருந்தது என்பதை வளர்மதியின் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அவர்களுக்கு நானே நேரில் வந்து ஒரு தூக்குப் பாயசம் கொடுத்துவிடுகிறேன். நீங்கள் கோபத்தில் கார் நிறுத்துகிற இடத்துக்கு விறுவிறுவென்று போய், புவனேஸ்வரி அம்மாவின் வண்டி பானெட்டில் கையை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றதையும் பார்த்தேன். சூடு ஆறட்டும் என்று நானும் கிட்டே வரவில்லை.

கணக்கில் வராதது ஒன்றுதான். அந்த ஜோடி குத்துவிளக்கு. ஏழு தட்டும் வந்துவிட்டது, விளக்கு வரவில்லை. அந்தப் பையன்களை நான் சந்தேகப்படவில்லை, ஆனால் கூட்டத்தில் யாரோ சாக்கோடு தூக்கிப் போயிருக்க வேண்டும். சிந்தாமணியிடம் சொல்லுங்கள், அதே மாதிரி வாங்கிக் கொடுத்துவிடுகிறேன்.

மாப்பிள்ளை, இவ்வளவுக்கும் காரணம் அறிவுச்செல்வனும் அவனுடைய பத்து நிமிஷமும்தான். என்னுடைய தவறு அவனை நம்பியது ஒன்று மட்டுமே. இனி அந்தக் காரில் ஏறுவதில்லை என்றும், தங்கமயில் நகர் இருக்கிற பக்கம் தலை வைத்துப் படுப்பதில்லை என்றும், கார் பந்தயம் என்கிற பேச்சே என் வீட்டில் எழக்கூடாது என்றும் முடிவு எடுத்துவிட்டேன். நீங்களும் தயவுசெய்து என் நம்பரைத் திறந்துவிட்டு, சிந்தாமணியைப் போனில் ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்கள். அவள் குரலைக் கேட்காமல் மூன்று நாள் ஆகிறது, எடைமேடையில் நேற்று இரண்டு சீட்டைத் தப்பாக அடித்துவிட்டேன்.

குழந்தை வேணிக்கு என் ஆசிகள், பெரியம்மாள் அவர்களுக்கு வணக்கங்கள், தங்கைக்குச் சகல சௌபாக்கியமும் உண்டாகட்டும். பெருமாள் உங்கள் தோப்பைப் பூவும் பிஞ்சுமாக வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் மன்னிப்பை வேண்டி நிற்கும் மச்சான்,
பா. முத்துசாமி.

பின்குறிப்பு, புதன்கிழமை காலை: கவரை ஒட்டுவதற்கு முன் வளர்மதி இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு மூன்று நாளுக்குப் பிறகு வாய் திறந்தாள். "என் தம்பி மூணு தடவ கூப்பிட்டான்னு எழுதுங்க" என்றாள். எழுதுகிறேன். ஏழே முக்காலுக்கு, போட்டி வேண்டாம், கிளம்பலாம் மாமா என்றான். எட்டரைக்கு ஒரு தடவை சொன்னான். ஒன்பதே காலுக்கு, நான் வேறு வண்டி பிடித்துத் தருகிறேன், நீங்கள் தட்டோடு போங்கள் என்றான். மூன்று தடவையும் இன்னும் நாலு வண்டிதான் பாக்கி என்று சொன்னது நான்தான்.

இன்னொன்று. நேற்று, மேலே உள்ளதை எழுதி முடித்த பிறகு, அறிவின் பட்டறைக்குப் போயிருந்தேன். அவன் டீ வாங்கப் போன சமயம் காருக்குள் எட்டிப் பார்த்தால், முன்சீட்டுக்கு அடியில் நான் வைத்த இடத்தில் சாக்கு மூட்டை அப்படியே இருக்கிறது. ஒரு விளக்கு ஆறு கிலோ, ஜோடி பன்னிரண்டு. எடுத்து வந்துவிட்டேன். அறிவுக்குத் தெரியாது, நீங்களும் சொல்ல வேண்டாம்.

கடைசியாக ஒன்று. அடுத்த மாதம் இரண்டாவது ஞாயிறு தங்கமயில் நகரில் மறுபடி பந்தயம் வைக்கிறார்கள். தலைமை எடை நடுவராக இருக்கச் சொன்னார்கள், மரியாதைக்காக ஒத்துக்கொண்டேன். பெயர் கொடுத்தவர்களின் பட்டியலை இன்று காலை அனுப்பினார்கள். அதில் பதினாலாவது பெயர்: தமிழழகன், ஆண்டிமடம், முந்திரி ஏற்றுகிற பிக்கப் வண்டி, சுமை வண்டிப் பிரிவு. பட்டறை என்கிற இடத்தில் அறிவுச்செல்வன் என்று போட்டிருக்கிறது. சந்தோஷமாக வாருங்கள் மாப்பிள்ளை. அதுவரை என்னோடு பேசாவிட்டாலும் பரவாயில்லை. வரும்போது சிந்தாமணியையும் வேணியையும் கூட்டி வாருங்கள், வண்டியை என் முன்னால் நிறுத்துவதற்கு முன் சீட்டுக்கு அடியில் ஒரு தடவை குனிந்து பார்த்துவிடுங்கள். உறவு என்பதற்காக நான் ஒரு கிலோகூட விடமாட்டேன்.